ஆயர் குரோ காட்டுப் பூவும் அதன் இலையும்

மழையை நம்பிக் கப்பலேறினேன். போய் இறங்கிய ஊரில் மழை இல்லை. என்னை அழைத்துப் போக டாக்சியோடு வந்திருந்த முத்தையா, பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் வைப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார்.

"ரொம்ப நாளாக் காயுது டீச்சர். காடெல்லாம் சருகாக் கெடக்கு. உங்க பூ இப்ப எங்க இருக்கப் போவுது?"

திருச்சியிலிருந்து வந்தவளுக்கு வெயில் புதிதா என்ன? ஆனால் நான் தேடி வந்த பூ, மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் தலை காட்டும். இரண்டொரு நாளில் வாடிப்போகும். திரும்பும் கப்பலுக்கோ நாள் குறித்தாயிற்று. வண்டிக்குள் உட்கார்ந்த நிமிஷமே விரல்விட்டு நாளை எண்ண ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். என் தம்பி சுந்தரம் மலாக்காவில் சர்வே ஆபீசில் வரைபடம் போடும் வேலையில் இருந்தான். காடுமேடு அளக்கப் போகிறவர்களோடு இவனும் போவான், கண்ணில் பட்ட செடியைக் காகிதத்தில் அழுத்திக் காயவைத்து எனக்கு அனுப்புவான். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். அவன் போய்ச் சில மாதம் கழித்து ஒரு தபால் பொட்டலம் வந்தது. மலாய்ப் பத்திரிகைத் தாளுக்கு நடுவே ஒரேயொரு சின்னச் செடி. தாளின் ஓரத்தில் அவன் கையெழுத்தில், 'ஆயர் குரோ காடு. மழைக்குப் பின். அக்காவுக்கு.' வேறு ஒரு வரி கிடையாது.

விரல் நீளம் கூட இல்லாத செடி அது. நூல் மாதிரி ஒரு தண்டு, உச்சியில் மூன்று சிறகு வைத்த குழல் போல ஒரு பூ. காய்ந்த பிறகும் ஓரத்தில் மெல்லிய நீலம் மிச்சமிருந்தது. பூவை லென்ஸில் பார்த்ததுமே குடும்பம் தெரிந்துவிட்டது. நம் மேற்கு மலையிலும் அதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஆனால் அந்தக் குடும்பத்தில் காட்டு நிழலில் வாழ்பவற்றுக்கு இலையே இருக்காது, மக்கிய சருகைத் தின்றே காலம் தள்ளும். வெளிச்சத்தில் இருப்பவற்றுக்குப் புல் மாதிரி இலை இருக்கும். இந்தச் செடியின் அடியிலோ இரண்டு அகல இலைகள், வெற்றிலையைப் போல நரம்பு பின்னிக்கொண்டு. பூ ஒரு சாதி, இலை வேறு சாதி. எங்கள் பேராசிரியர் நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். உலகத்தில் இதுவரை யாரும் எழுதாத செடி இது என்றார். கண்டெடுத்தவன் பெயரையே வைத்துவிடலாம் என்றும் சொன்னார்.

காய்ந்த பூவை ஆராய வேண்டுமானால் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு மெத்தென்று ஆக்கிப் பிரித்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அதற்கு மட்டும் அவர் இடம் கொடுக்கவில்லை. "இருப்பது ஒன்று. அதையும் வேகவைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதா?" என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கட்டுரை எழுதி முடித்தாயிற்று, அச்சுக்குப் போகவேண்டியதுதான் பாக்கி. வேரும் இலையும் பூவுமாக இன்னொரு செடி கிடைத்தால் போதும் என்றார். நான் கிளம்பிவிட்டேன்.

சுந்தரத்துக்குப் பிள்ளை இல்லை. அப்பா அவன் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லி ஐந்தாறு வருஷம் ஆகிறது. அந்தப் பெயர் லத்தீன் வால் ஒன்றை ஒட்டிக்கொண்டு உலகத்துப் புத்தகங்களில் ஏறப்போகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? சந்தோஷம் பாதி, சந்தேகம் பாதி. சந்தோஷம் உட்காரவிடவில்லை, சந்தேகம் தூங்கவிடவில்லை.

காஜா பெராங்கில் தம்பியின் வீடு. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே பிள்ளையார் படம், முருகன் படம், விளக்கு. கம்பிக் கதவைத் திறந்துகொண்டு அவன் மனைவி தெய்வானை வந்தாள். மலாய்ப் பெண்களைப் போலக் கைலியும் கெபாயாச் சட்டையும், நெற்றியில் விபூதி. "அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு அவள் தமிழ் தீர்ந்துபோனது. பிறகு பொழிந்ததெல்லாம் மலாய். அவள் மலாக்காச் செட்டிப் பெண். இந்தச் செட்டிச் சனங்கள் பல தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்கள். கோயில் நம் கோயில், சாமி நம் சாமி, முகமும் அநேகமாக நம் முகம்தான். வாய் மட்டும் மாறிவிட்டது. 'தமிழ் தெரியாத மருமகள் எனக்கு வேண்டாம்' என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து அவள் வாசற்படி மிதித்த முதல் ஆள் நான்தான்.

எனக்கு மலாய் தெரியாது. அதனால் முத்தையா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று பேச்சைக் கடத்தினார். புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், சுந்தரத்தின் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைக் காட்டுக்குக் கூட்டிப்போனதும் இவர் வண்டிதான்.

சாப்பாட்டில்தான் முதல் சண்டை வந்தது. நான் சைவம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தேன். தெய்வானை தனிச் சட்டி வாங்கி வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் விட்டு வடித்த சோறு, கத்தரிக்காய், ஒரு கீரை, கண்ணைக் கலங்கவைக்கும் சிவப்புச் சம்பல். ஒரு கவளம் வாயில் வைத்ததும் என்னவோ கடற்கரை வாடை. முத்தையாவைப் பார்த்தேன். அவர் அவளிடம் கேட்டார்.

"சைவம்தானாம் டீச்சர். மீனே இல்லையாம்."

"பின்னே இது என்ன வாடை?"

மறுபடி கேட்டார். அவள் பெருமையாக ஒரு கறுத்த கட்டியை எடுத்துவந்து காட்டினாள். "பெலாச்சான் மட்டும் கொஞ்சம் போட்டாங்களாம். அது கூனி, ராலு. மீன் கிடையாதாம்." முத்தையா இதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்கப் பட்டபாடு எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தயிர் கிடைக்காமல் தேங்காய்ப்பால் சோற்றையே சர்க்கரை போட்டுத் தின்றேன். என் பாட்டுக்கு எரிச்சலாக இருந்தேன். அவள் பாட்டுக்கு எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளும் வானம் சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கு வந்தேன், உள்ளே போனேன், கொல்லைப்புறம் போய்க் கிணற்றை எட்டிப்பார்த்தேன், மறுபடி வாசலுக்கு வந்தேன். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தி தலையை நீட்டி ஏதோ கேட்பாள். முதலில் புரியவில்லை. 'பூஙா சுந்தரம்' என்று காதில் விழுந்த பிறகுதான் விளங்கியது. பூஙா என்றால் பூ. அச்சு ஆபீசுக்குக் கூட இன்னும் போகாத பெயரைத் தெய்வானை தெரு முழுக்கப் பரப்பியிருந்தாள். அவள் புருஷன் பெயரில் ஒரு பூ வரப்போகிறது, அதை எடுத்துப்போக இந்தியாவிலிருந்து டீச்சர் வந்திருக்கிறாள். பேராசிரியரின் உத்தேசத்தை நான் முத்தையாவுக்கு எழுதினேன், முத்தையா இவளிடம் சொன்னார், இவள் ஊருக்குச் சொல்லிவிட்டாள். எனக்குப் பகீரென்றது. கல்யாணத்துக்கு முன்னாலேயே சீமந்தப் பத்திரிகை அடித்த கதைதான்.

ஊரே வேறொரு பெயர் வைக்கும் அவசரத்தில் இருந்தது. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது. மூங்கிலும் தென்னங்கீற்றுமாகச் சாலைக்குக் குறுக்கே வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் புதுப் பாட்டை ஒத்திகை பார்த்தார்கள், ஒரே வரியில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்தார்கள். நமக்கு வந்தபோது திருச்சியில் நானும் தெப்பக்குளத் தெருவில் நின்று மிட்டாய் வாங்கித் தின்றவள்தான். முத்தையாவுக்கு மிட்டாயெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை.

"இங்க பொறந்தேன் டீச்சர். எங்கப்பன் பொறந்தது சேலம் பக்கம். இப்ப எவன் கேட்டாலும் பேப்பர் காட்டுங்கிறான். பொறந்ததுக்கு என்னாத்த காட்டுறது?"

"நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?"

"இங்கதான் லா இருப்பேன். வேற எங்க போவ? ஓட்டுற காடி இங்க, பொண்டாட்டி இங்க."

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், மழை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காட்டையாவது பார்ப்போம் என்று கிளம்பினேன். முத்தையா வேண்டாமென்றார், கேட்கவில்லை. பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. பத்து பெரெண்டாம் விமான நிலையத்திலிருந்து எழும்பிய சின்ன விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேலே நிதானமாக வட்டமடித்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தண்ணீர் கொண்டுவர அவர் போன நேரத்தில் நான் சாலையோரத்தில் மேலும் கீழுமாக நடந்தேன். ஆயர் குரோ காட்டுக்குள் ஒருவழியாக நுழைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வானத்தை மறைக்கும் மரங்கள், கீழே முறுக்கு நொறுங்குகிற மாதிரி ஓசை எழுப்பும் சருகு. குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போனது. பூ எதுவும் இல்லை. கொசு மட்டும் என்னை நன்றாக விசாரித்துவிட்டது.

"சொன்னேன்ல டீச்சர்," என்றார் முத்தையா.

அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம். அவர் மனைவி எனக்காக மிளகு ரசம் வைத்திருந்தாள். கப்பலேறியதிலிருந்து அன்றைக்குத்தான் நாக்குக்கு உயிர் வந்தது. வெட்கத்தைவிட்டு மூன்று டம்ளர் குடித்தேன்.

அதற்குப் பிறகும் சும்மாதான் இருக்கவேண்டி இருந்தது. தெய்வானை மணி கோப்பாள். கடுகு அளவு கண்ணாடி மணிகளை ஊசியில் ஏற்றி, செருப்பின் மேல்பட்டைக்குத் தைப்பாள். அவள் கை ஓடுவதைப் பார்த்தால் என் மாணவிகளைக் கூட்டிவந்து காட்டத் தோன்றும். பூவின் சூலகத்தை வெட்டச் சொன்னால் கையை நடுக்கிக்கொண்டு நிற்பார்கள் அவர்கள். நான் எதிரே உட்கார்ந்து பேச ஒன்றுமில்லாமல் சுவரைப் பார்ப்பேன். சுவரில் சுந்தரம் சிரித்துக்கொண்டிருப்பான். அவள் அவ்வப்போது என்னைப் பார்த்துவிட்டு ஏதோ தின்பண்டத்தை என் பக்கம் தள்ளுவாள். பாசிப்பருப்பும் வெல்லமும் சேர்த்த பலகாரம் ஒன்று. அதில் மட்டும் கடல்வாசி எதுவும் இல்லை என்று முத்தையா மூலம் சத்தியம் வாங்கிக்கொண்டு தின்றேன்.

ஒரு சாயங்காலம் காற்று நின்றது. கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் உள்ளே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். வானம் கரேலென்று இருந்தது. நம் ஊர் மழை முதலில் சொல்லி அனுப்பும், பிறகு வரும். இந்த ஊர் மழை கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிடுகிறது. கூரைத் தகரத்தில் அது போட்ட சத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது எங்களுக்கே கேட்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்குப் பெய்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் முத்தையா வாசலில் வண்டியை நிறுத்தினார்.

தெய்வானையும் கிளம்பி நின்றாள், இந்தத் தடவை தானும் வருகிறேன் என்று. கையில் வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொட்டலங்கள். காட்டின் விளிம்புக்கு வந்ததும் முத்தையா வண்டியை நிறுத்தி, "இங்கயே சாப்பிட்டுடுங்க" என்றார்.

"இப்போதுதானே காலையில் பலகாரம் ஆயிற்று?"

"சோத்தோட காட்டுக்குள்ள போவக் கூடாது டீச்சர்."

காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, ஒரு பிடி சோறு எடுத்துப்போனாலும் பிடித்து உள்ளே போட்ட காலம் ஒன்று இருந்ததாம். இந்தப் பக்கம் அந்தச் சட்டத்தை எடுத்து வருஷக்கணக்காகிறது. "சட்டம் போச்சு, பயம் போவல" என்றார். அவரும் தெய்வானையும் வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு மளமளவென்று சாப்பிட்டார்கள். பசியே இல்லாமல் நானும் விழுங்கிவைத்தேன்.

செம்மண் சேற்றில் வண்டி அதற்குமேல் போகாது. நடந்தோம். காடு அன்று பார்த்த காடாக இல்லை. சருகு பதமாக நனைந்து, ஊறவைத்த அவல் மாதிரி காலுக்கடியில் மெத்தென்றது. தெய்வானை முன்னால் போனாள். சுந்தரத்தோடு வந்த இடம் அவளுக்கு நினைவிருந்தது. பெரிய மரமொன்றின் வேர்கள் பலகை பலகையாகப் பிரிந்து நிற்கும் இடத்தில் நின்று, கீழே கையைக் காட்டினாள்.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மண்டியிட்டு முகத்தைத் தரையோடு வைத்த பிறகுதான் பார்த்தேன். ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, பிறகு கூட்டமாகவே. சருகைப் பிளந்துகொண்டு வெள்ளை நூல்கள், நுனியில் நீலம் ஏறிய குட்டிக் குழல்கள், வாயில் மஞ்சள் பொட்டு. "சுந்தரம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்து அவளும் சொன்னாள்.

பிறகு வேலையை ஆரம்பித்தேன். கத்தியால் சுற்றிலும் மண்ணைக் கெல்லி, ஒரு செடியை வேரோடு தூக்கினேன். தண்டு, பூ, கீழே புழு மாதிரி வெளுத்த சின்ன வேர். இலை இல்லை. விழுந்திருக்கும் என்று அடுத்ததை எடுத்தேன். இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. இலை இருந்து விழுந்ததற்கு ஒரு தழும்பாவது வேண்டுமே, அதுவும் இல்லை. லென்ஸை வைத்துத் தேடினேன். தண்டில் ஒட்டிய செதில்கள், அவ்வளவுதான். மொட்டாக இருந்ததை எடுத்தேன், காயாகிப் போனதையும் எடுத்தேன். சருகைக் கைகளால் வாரி வாரிப் போட்டு, அந்த அகல இலையைக் கொண்ட கன்று எதுவாவது உண்டா என்று தவழ்ந்து தேடினேன். வியர்வை கண்ணில் இறங்கியது.

தெய்வானை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முத்தையாவிடம் என்னவோ கேட்டாள்.

"என்னா தேடுறீங்கன்னு கேக்குது டீச்சர். அதான் பூ கெடைச்சிடுச்சேங்குது."

"இலை. இதன் இலை. பொட்டலத்தில் வந்ததே, அகலமாக இரண்டு இலை."

முத்தையா சொன்னார். அவள் முகம் தெளிந்தது. இதுக்கா இந்தப் பாடு என்பது போலக் கையை ஆட்டிக்கொண்டு சரளமாகப் பேசினாள். கேட்டுக்கொண்டிருந்த முத்தையா என் பக்கம் திரும்பினார். தலையைச் சொறிந்துகொண்டார்.

"என்ன சொல்கிறாள்?"

"அந்த எலை இதுக்குள்ளது இல்லையாம். இவங்க வச்சதாம். வீட்டுக் கெணத்தடியில மொளைக்கிற செடியாம். சோத்துப் பசை தடவி ஒட்டி, தலகாணிக்கு அடியில வச்சு அழுத்துனாங்களாம்."

நான் அந்த ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இணைப்பில் வெள்ளையாக ஏதோ இருந்ததை நானே லென்ஸில் பார்த்திருக்கிறேன். கப்பல் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று பேராசிரியரிடம் விளக்கம் வேறு சொன்னேன். கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டிருந்தால் பசை கரைந்து குட்டு வெளிப்பட்டிருக்கும். மணி கோக்கிற அந்தக் கை செய்த வேலை இரண்டு பேர் படிப்பை விழுங்கிவிட்டது. இலையை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது, பெரியவர்கள் எப்போதோ பார்த்துப் பெயர் வைத்து ஓரமாகப் போட்ட ஒரு செடி. தம்பியின் பெயருக்கு இடமே இல்லை.

கத்தினேன். மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே கத்தினேன். யார் உன்னை ஒட்டச் சொன்னது, உனக்கு என்ன தெரியும், ஊரெல்லாம் சொல்லி வைத்தாயே என்று தமிழில் கொட்டித் தீர்த்தேன். அவளுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் கோபத்துக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? முத்தையா எதையும் கடத்தாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஓய்ந்த பிறகு அவள் மெதுவாகப் பேசினாள். முத்தையா வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார்.

"அவரு பேப்பர்ல வச்சிருந்தது வெறும் பூதானாம். 'அக்காவுக்கு'ன்னு எழுதியிருந்துச்சாம். அவரு வீட்டுக்கு இவங்க கையால போற மொத சாமானாம் அது. எங்க வீட்டுல எலை இல்லாத பூவ யாருக்கும் குடுக்க மாட்டோம், சொந்தக்காரங்களுக்குக் குடுத்தா ரெண்டு எலை சேத்துத்தான் குடுப்போம்னு சொல்லுது. மொட்டையா அனுப்புனா மாமியா என்னா நெனைக்கும்னு வச்சாங்களாம்."

எங்கள் அம்மா அந்தப் பொட்டலத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கல்லூரிக்கு வந்தது அது. நான் அதைச் சொல்லவில்லை. பூவுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது, சுந்தரம் பெயரை வைக்க முடியாது, இலை இருந்ததால்தான் புதுச் செடி என்று நினைத்தோம் என்பதை மட்டும் சொல்லச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். நான் பிடுங்கிப் போட்டிருந்த செடி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னவோ சொன்னாள். முத்தையாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வேணும்னா இதுக்கும் ஒட்டித் தரவாங்குது டீச்சர். இன்னும் நல்லா ஒட்டுவாங்களாம். யாருக்கும் தெரியாதாம்."

சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் ஆசை வந்தது. அவளால் முடியும். பேராசிரியர் கொண்டாடுவார், கட்டுரை வெளியாகும், சுந்தரத்தின் பெயர் ஏறும். அடுத்து ஒருவன் மழைக்குப் பிறகு இதே மரத்தடிக்கு வந்து மண்டியிடும் வரைக்கும் ஏறியிருக்கும். அதன் பிறகு அந்தப் பெயரை வைத்து மாணவர்கள் சிரிப்பார்கள். அவன் பெயர் வீட்டில் பட்டபாடு போதாதா?

"வேண்டாம்" என்றேன். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

செடிகளைத் தாளில் அடுக்கிக் கட்டினேன், இலை இல்லாமல், உள்ளபடியே. திரும்பி நடக்கையில் வேர் தடுக்கி நான் விழப்போனபோது அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை வண்டி வரைக்கும் விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை. வண்டி சேற்றில் புதைந்து கிடந்தது. மூன்று பேருமாகத் தள்ளி ஏற்றி வீடு வந்து சேர்ந்தபோது தலைமுதல் கால்வரை செம்மண்.

மறுநாள் காலை தபாலாபீசுக்குப் போனேன். 'இலை அந்தச் செடியினுடையது அல்ல. அச்சை நிறுத்துங்கள்.' தந்தி கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவன் செத்த செய்தி வந்தபோது கூட அப்படி அழவில்லை, அப்பா வீட்டில் இருந்தார். தெய்வானை என் தலைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போவோர் வருவோரெல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தெருவுக்குள் நுழையும்போது எனக்குக் கால் கூசியது. என் மானமாவது கப்பலேறிப் போய்விடும். அவள் இந்தத் தெருவில்தான் இருந்தாகவேண்டும். எதிர்வீட்டுக்காரி கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து வழக்கம்போல் 'பூஙா சுந்தரம்' என்று ஆரம்பித்தாள். தெய்வானை நின்று, நிதானமாகப் பதில் சொன்னாள். கேட்டவள் தலையாட்டினாள். அடுத்த வீட்டிலும் அதே பதில். பின்னால் வந்துகொண்டிருந்த முத்தையாவைக் கேட்டேன்.

"பூவுக்கு மின்னாடியே பேரு இருக்காம், நாங்கதான் தெரியாம இருந்தோம்னு சொல்லுது. வேற ஒண்ணும் சொல்லல."

இலையை யார் ஒட்டியது என்று சொல்லாமலே விட்டிருக்கலாம் அவள். அதையும் ஒரு வீட்டில் சொன்னாளாம், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாளாம். முத்தையா பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம். முத்தையா பெட்ரோல் போடப் போயிருந்தார். தெய்வானை எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். எல்லாம் பெலாச்சான் படாத சமையல். முத்தையா மனைவியிடம் கேட்டுவந்து மிளகு ரசமும் வைத்திருந்தாள். புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது, ஆனாலும் ரசம்தான். காலையிலிருந்து அவள் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், சாமி பாட்டு என்று நினைத்துக்கொண்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பில் முடிந்துவைத்ததை அவிழ்க்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, தமிழில் கேட்டாள்.

"அக்கா. நான் இலை ஒட்டாம பூ மட்டும் அனுப்பினா, நீங்க வருவீங்களா?"

முத்தையாவிடம் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். நடுவில் ஆள் இல்லாமல் கேட்கவேண்டும் என்று, அவர் வெளியே போகும் வரை காத்திருந்திருக்கிறாள்.

வெறும் பூவாக வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பார்த்த மாத்திரத்தில் பெயரை எழுதி, தாளில் ஒட்டி, அலமாரியில் அடுக்கியிருப்பேன். நன்றி என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதிப் போட்டிருப்பேன். அதை அவள் படிக்கக்கூட முடிந்திருக்காது. ஏதாவது இதமாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது என் மொழியில். எனக்குத் தெரிந்த சொற்ப மலாய்ச் சொற்களில் 'இல்லை' என்பதற்கான சொல்லும் ஒன்று.

"தீடாக்," என்றேன்.

தெய்வானை தலையை ஆட்டினாள். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. என் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறாள்.